மடிக்கொடியில் நான்கு துப்பட்டிகள்

என் அம்மா சௌந்தரவல்லி சென்ற மாதம் காலமானாள். வயது ஐம்பத்தொன்று. காரணம் க்ஷயரோகம். நான் செங்கல்பட்டில் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவன். அந்த நோயின் கிருமியைக் கண்ணாடித் தகட்டில் சாயமேற்றிக் கண்டுபிடிப்பது என் அன்றாட வேலை. காரணத்தைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

அவளைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் பிறந்தாள். பதினாலு வயதில் மாமல்லபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். என் அப்பா கஸ்தூரிரங்கன் கோயில் கணக்கெழுத்தர். நாற்பத்தெட்டாம் வருஷம் இறந்தார். பிள்ளைகள் இரண்டு பேர். நான் உப்பிலி, என்னைவிட நான்கு வயது இளையவள் சாவித்ரி. அம்மா எந்தச் சபையிலும் பேசியதில்லை. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. கடலுக்கு இரண்டு தெரு தள்ளி முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தும் அமாவாசை தவிர மற்ற நாளில் மணலில் கால் வைத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் முழுவதும் அவள் நான்கு துப்பட்டிகளைத் துவைத்தாள். அதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் படுக்கைத் துணியை யாரும் வீட்டில் துவைப்பதில்லை. காசியம்மாள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொல்லை வழியாக வந்து எடுத்துப் போவாள். உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, ஏரிக்கரையில் அடித்துக் காயப்போட்டு, அடுத்த முறை வரும்போது திருப்பித் தருவாள். அம்மா தன் கையால் துவைத்தது, சமையலுக்கும் பூஜைக்கும் சுத்தமாக உடுத்தும் தன் மடிப்புடவையை மட்டும்தான். அது கூடத்தில் உத்தரத்தை ஒட்டிக் கட்டிய மூங்கில் கொடியில் காயும். கோலால் ஏற்றி, கோலால் இறக்குவாள். மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு எடுக்கும் வரை அதில் ஒருவர் கையும் படக்கூடாது. பட்டால் மடி போயிற்று. மறுபடி நனைக்க வேண்டும்.

சாவித்ரிக்கு அந்த வருஷம் வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்ரீனிவாசராகவன், மதுராந்தகத்தில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் அடுத்த வீட்டுப் பர்வதம் மாமியின் அண்ணன் பிள்ளை. ஜாதகத்தைக் கொண்டுவந்ததே மாமிதான். புதுப்பெண்ணை ஆடி மாதத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். ஆவணி முதல் தேதி மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போவார். அப்படித்தான் ஆனிக் கடைசியிலேயே அழைத்து வந்தோம். இருமலோடு வந்தாள்.

நான் சனிக்கிழமை மாலை பஸ்ஸில் ஊருக்கு வருவேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் திரும்புவேன். ஆடி பிறந்த முதல் சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தபோது கூடம் இருட்டாக இருந்தது. மடிக்கொடியில் நான்கு துப்பட்டிகள் தொங்கின. நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஈரத்துணியின் மொச்சை வாடை.

“என்னம்மா இது? துப்பட்டியெல்லாம் மடிக்கொடியில?”

“காசியம்மா இப்பல்லாம் சரியா வெளுக்கறதில்லை. நானே தோச்சுட்டேன்.”

“கொல்லையில போட்டா ஒரு மணி நேரத்துல காஞ்சுடுமே.”

“காக்கா எச்சமிடும்.”

“போன வருஷம் காக்கா இல்லையா?”

“நீ பரிட்சை பாஸ் பண்ணினது காக்காவை எண்ணவா? கையைக் காலை அலம்பிண்டு சாப்பிட வா.”

ஒரு துப்பட்டியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தேன். “தொடாதேடா!” என்று கத்தினாள். மடிக்காகக் கத்துகிறாள் என்று முதலில் நினைத்தேன். ஓரத்தில் உள்ளங்கையில் பாதி அளவுக்குப் பழுப்புக் கறை.

“வெந்நீர்ல போட்டியா?”

“ஆமாம். கொதிக்கக் கொதிக்க. அழுக்கு போகணுமே.”

வெந்நீரில் போட்டதால்தான் போகவில்லை. ரத்தம் சூடு பட்டால் முட்டையின் வெள்ளை போல இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். நான் ரத்தம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. உள்ளறையில் சாவித்ரி இருமினாள். உடனே அம்மா ஓடிப்போய் உரலில் உலக்கையைப் போட்டு இடித்தாள். அடுத்த வீட்டுக்கு இருமல் கேட்காமலிருக்க. உரலில் ஒரு மணி நெல் இல்லை.

வெற்று உரலை இடித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எனக்குச் சின்ன வயதில் சொன்னவள் அவள்தான்.

திங்கட்கிழமை ஒரு களிம்பு சீசாவில் சாவித்ரியின் சளியை எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொள்ள எனக்கே பயமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் ஊறுகாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு தகட்டில் தேய்த்து, சிவப்புச் சாயத்தைச் சூடாக்கி ஏற்றி, அமிலத்தால் கழுவி, நீலம் ஊற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள். முதல் வட்டத்தில் மூன்று. அடுத்ததில் ஏழு. அதன் பிறகு எண்ணவில்லை.

அந்த வாரம் முழுவதும் தூக்கம் இல்லை. அடுத்த சனிக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவள் அதிர்ச்சியடையவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“ஆஸ்பத்திரியில சேர்க்கணும். புதுசா ஊசி வந்திருக்கு. மூணு மாசம், நாலு மாசம் போடணும். பொழைச்சுடுவா.”

“ஆவணி ஒண்ணாம் தேதி மாப்பிள்ளை வரார்.”

“அவர்கிட்ட சொல்லணும்.”

“சொல்றதாவது! அனுப்பி வெச்சுடறேன். அங்க போய் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு தெரியட்டும். அவா ஆத்துல வந்த வியாதியாப் போயிடும். அவா பார்த்துப்பா.”

இதை அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.  பிச்சைக்காரனுக்குப் பழையதைப் போடமாட்டாள், சுடச்சுடப் போடுவாள். அவள் வாயிலிருந்து வந்தது இது.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள், வரலட்சுமி. எனக்குப் பெரியம்மா. நான் பார்த்ததில்லை. கல்யாணமான ஏழாம் மாதம் ஒரு வில்வண்டி திருக்கழுக்குன்றத்து வீட்டு வாசலில் வந்து நின்றதாம். பெண்ணையும் தகரப் பெட்டியையும் இறக்கிவிட்டு, வண்டிக்காரன் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனானாம். பின்கட்டில் பசுமாட்டுக் கொட்டிலை ஒட்டிய அறையில் நாலு மாதம் கிடந்து பெரியம்மா செத்தாள். அம்மாவுக்கு அப்போது பதிமூன்று. அந்த அறை வாசலில் சாதத்தை வைத்துவிட்டு ஓடி வருவது அவள் வேலை. உள்ளே போகக்கூடாது என்று உத்தரவு. இதை எனக்குச் சொன்னபோது நோயின் பெயரை மட்டும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆகவே நான் உடனே ஆஸ்பத்திரி என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. அது என் தப்பு. ஆவணிக்குள் அவள் மனம் மாறும் என்று நினைத்தேன். அதுவரை மற்றவர்களுக்குத் தொற்றாமலிருக்க, எப்படித் துவைக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் படித்துக் காட்டினேன். துப்பட்டியை முதலில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மணி நேரம். பிறகு சலவைச் சோடா போட்ட அண்டாவில், துணி முழுக்க மூழ்கியிருக்க, அரை மணி கொதி. பிறகு சவுக்காரம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. நுரை வராமல் தயிர் போலத் திரியும். அதனால் அலசுவதற்கு மட்டும் கோயில் கிணற்றுத் தண்ணீர். கடைசியாக வெயில். ஒரு பக்கம் மூன்று மணி, மறு பக்கம் மூன்று மணி. வெயில்தான் முக்கியம்.

எல்லாவற்றையும் செய்தாள், வெயிலைத் தவிர. எங்கள் கொல்லைக்கும் பர்வதம் மாமியின் கொல்லைக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். நாலு துப்பட்டி தினமும் அங்கே காய்ந்தால் மாமி காரணம் கேட்பாள்.

“உள்ளேயே காயட்டும். மடிக்கொடியில காஞ்சா அதைவிட சுத்தம் எது?”

“கிருமிக்கு மடி தெரியாதும்மா.”

“உனக்கும்தான் தெரியாது. ஆஸ்பத்திரி கைகழுவற தண்ணியில சந்தியாவந்தனம் பண்றவன்.”

கோலின் நுனியால் துப்பட்டியை விரித்து, மடிப்பு நீக்கி, கையே படாமல் சரிசெய்தாள். அவள் கணக்கில் அதற்கு மேல் சுத்தம் கிடையாது. ஆடிக் காற்று கொல்லையில் தென்னையை வளைத்துக்கொண்டிருந்தது. உள்ளே நான்கு துப்பட்டிகளும் அசையாமல் தொங்கின. ஒன்று காய இரண்டு நாள் ஆயிற்று.

அந்தக் காகிதத்தில் நான் எழுத மறந்தது ஒன்று உண்டு. காலையில் படுக்கையிலிருந்து துப்பட்டியை எடுக்கும்போது உதறக்கூடாது. உலர்ந்த சளி தூளாகிப் பறக்கும். உள்பக்கமாகச் சுருட்டி நேரே தண்ணீரில் போட வேண்டும். புத்தகத்தில் இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். ஆனால் என் வாழ்நாளில் ஒரு படுக்கையைக்கூட நான் சுருட்டியதில்லை; யாரோ சுருட்டினார்கள். அதனால் அந்த வரி நினைவுக்கு வரவில்லை. அம்மா தினமும் காலையில், குளிப்பதற்கு முன், ஜன்னல் சாத்திய அந்த அறையில் நின்று, படுக்கையில் கிடந்த துப்பட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக உதறினாள். எறும்பு, மணல் இருக்கும் என்று. பிறகு குளித்தால் எல்லாம் போய்விடும்.

மூன்றாம் வாரம் பர்வதம் மாமி கூடத்துக்குள் வந்துவிட்டாள். ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது.

“என்ன சௌந்தரம், ஆத்துக்குள்ள மழையா?”

“வேண்டுதல் மாமி. ஆடி முழுக்க எல்லாத் துணியும் மடியா இருக்கணும்னு.”

“யாருக்கு வேண்டுதல்?”

“பொதுவா.”

மாமி அறைப் பக்கம் பார்த்தாள். “சாவித்ரி வெளியிலேயே வரதில்லையே? நான் என்ன புலியா?”

“தலைவலி மாமி.”

 மாமி போன பிறகு அம்மா வாசல் கதவைத் தாழிட்டாள்.

ஆகஸ்ட் பதினைந்து சனிக்கிழமை வந்தது. வெள்ளி மாலையே ஊருக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை ஆவணி முதல் தேதி. அன்றைக்கும் சேர்த்து லீவு வாங்கியிருந்தேன். சனிக்கிழமை காலை கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். காசியம்மாள். நான் கூடத்தில் இருந்தேன், பேச்சு கேட்டது.

“இன்னாம்மா, வேற ஆள வச்சிகினியா?”

“இல்லை காசி. துணி அவ்வளவா சேரலை.”

“சேரலியா? கலியாணப் பொண்ணு வந்து மாசமாச்சி. ஆடி பொறந்தப்பறம் துப்பட்டி வரல. பொடவை வரல. ஒரு தீட்டுத்துணி வரல. நாலு வூட்டு அழுக்க எடுக்கறவ நானு. எனக்குத் தெரியாதா?”

அம்மா வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. 

“சொம்மா மறைக்காதம்மா. பொண்ணு முழுகாம கீது. கண்ணு படும்னு மூடி வச்சிகினு கீற. நல்ல சேதிதானே! எனக்கு ஒரு பொடவ எடுத்துக் குடு, போ.”

அம்மா மறுக்கவில்லை.

“பர்வதம்மா கையில அப்பவே சொல்லிட்டேன்” என்றாள் காசியம்மாள், சிரித்துக்கொண்டே.

சாவித்ரிக்கு அந்த மாதம் தூரம் வராததற்கு இந்த நோயே காரணம். உடம்பு மெலிந்தால் அது நின்றுபோகும். அதைக் காசியம்மாளுக்குச் சொல்ல முடியாது.

மத்தியானம் பர்வதம் மாமி கொல்லைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் பல்.

“கள்ளி! எங்கிட்ட சொல்லக்கூடாதா? ராகவனுக்கு முந்தாநாளே கார்டு போட்டாச்சு. தலைகீழா நின்னுண்டு வருவான் பாரு.”

“எல்லாம் பெருமாள் செயல்” என்றாள் அம்மா.

உள்ளே வந்ததும் கேட்டேன். “எதுக்கு அப்படிச் சொன்னே?”

“ஆமான்னு நான் சொல்லலையே.”

“இல்லைன்னும் சொல்லலை.”

“இப்போ அனுப்ப வேண்டாம்னு நானே சொல்லலாம்டா. தலைப்பிரசவம், மசக்கை, இங்கயே இருக்கட்டும்னா யார் கேப்பா? நீ அவளுக்கு ஊசி போட்டுடு. ஒருத்தருக்கும் தெரியாது.”

“ஒன்பது மாசம் கழிச்சு?”

“அப்போ கலைஞ்சுடுத்துன்னு சொன்னாப் போறது.”

அவள் அதையும் யோசித்து வைத்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் தெளிவு.  அந்தப் பொய் நன்றாக இருந்தது. எனக்கே பிடித்திருந்தது.

அன்று சாயங்காலம் சாவித்ரி என்னைக் கூப்பிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே பேசினாள். “அண்ணா, அவர் ரொம்ப நல்லவர். வந்தா பக்கத்துல வந்து உட்காருவார். என் டம்ளர்ல மிச்சம் இருக்கற காப்பியை எடுத்துக் குடிப்பார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

 இரண்டு மாதம் குடித்திருக்கிறார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். மதுராந்தகத்திலிருந்து ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ். சட்டை முழுக்க வியர்வை. ஒரு கூடை நிறையச் சாத்துக்குடி, மல்லிகைப் பூ, அல்வாப் பொட்டலம். பர்வதம் மாமி பின்னாலேயே வந்தாள். அவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. சாவித்ரியை வாசற்படியிலிருந்து பார்த்தார். அவள் எழுந்து நமஸ்காரம் பண்ணப் போனாள். “வேண்டாம், வேண்டாம், குனியக்கூடாது” என்று பதறினார். மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாப்பாடு ஆயிற்று. அம்மா ஏதோ ஒரு இயந்திரம் போலப் பரிமாறினாள். உரல் பக்கமே போகவில்லை, சாவித்ரி இருமவில்லை. எப்படி அடக்கினாள் என்று தெரியவில்லை.

“சித்த தலையைச் சாய்க்கறேன்” என்று மாப்பிள்ளை கூடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருக்கும். அம்மா சமையலறையில் பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தாள். நான் பாய் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் அவர் எழுந்து, மேலே தொங்கிய துப்பட்டி ஒன்றின் நுனியைப் பிடித்து இழுத்து இறக்கியிருந்தார். இன்னும் ஈரம் காயாதது. அதை மடித்து முகத்திலும் கழுத்திலும் ஒற்றிக்கொண்டார்.

“ஆகா, ஜில்லுன்னு இருக்கு” என்று படுத்து, முகத்தின் மேல் போட்டுக்கொண்டார்.

“போச்சு!” என்றாள் பர்வதம் மாமி. “மாமியார் மடியைக் கெடுத்தியேடா, கடங்காரா! சௌந்தரம், வந்து பாரு. உன் வேண்டுதலெல்லாம் உன் மாப்பிள்ளை மூஞ்சியில!”

அம்மா ஓடி வந்தாள். கை முழுக்கப் பாத்திரம் தேய்த்த புளி. மாப்பிள்ளை அவசரமாக எழுந்து உட்கார்ந்தார்.

“மடித்துணியா? தெரியாம எடுத்துட்டேன் மாமி. க்ஷமிக்கணும்.”

அவர் கையிலிருந்து துப்பட்டியை அவள் பிடுங்கினாள். பிறகு அவர் முகத்தையே பார்த்தாள். கன்னத்தில் ஈரம் இருந்தது.

அந்தத் துப்பட்டி அரை மணி கொதித்தது. அதில் உயிரோடு எதுவும் இருந்திருக்காது. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். நான் எத்தனை முறை சொல்லியும் அம்மா அதை நம்பவில்லை. வெயில் படாத துப்பட்டி என்று நான் பயமுறுத்தியதை மட்டும் நம்பியிருந்தாள்.

“ஆமாம், மடி” என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமி சிரித்துவிட்டு எழுந்து போவாள். மாப்பிள்ளை இன்னொரு முறை மன்னிப்புக் கேட்பார். வாசலில் வண்டிச் சத்தம் எதுவும் கேட்காது. நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவள் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

“மடி இல்லை” என்றாள் அம்மா. “கிணத்தடிக்குப் போய் மூஞ்சியை அலம்பிண்டு வாங்கோ மாப்பிள்ளை. சவுக்காரம் போட்டு நன்னா அலம்பிக்கோங்கோ. என் பொண்ணு உண்டாகலை. அவளுக்கு க்ஷயம். இது அவ படுத்துண்டது.”

பர்வதம் மாமி சுவரோரம் நகர்ந்தாள். “பாவி” என்றாள். “என் கையால, என் அண்ணா ஆத்துக்கு...” அதற்கு மேல் முடிக்கவில்லை. செருப்பை மறந்துவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து என்னைப் பார்த்துக் கேட்டார். “எப்போ தெரியும்?”

“ஆடி முதல் வாரம். நான்தான் பரிசோதனை பண்ணினேன்.”

“நாலு வாரம்” என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. அறை வாசலில் போய் நின்றார். சாவித்ரி இருமத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை. அவர் ஒரு அடி உள்ளே வைத்தார், பிறகு எடுத்துக்கொண்டார். “வரேன்” என்றார். மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டார். சாத்துக்குடிக் கூடை கூடத்தில் இருந்தது.

மறுநாள் காலை அம்மா நான்கு துப்பட்டிகளையும் கொல்லையில் கயிறு கட்டி வெயிலில் போட்டாள். காற்றில் அவை படபடவென்று அடித்துக்கொண்டன. பர்வதம் மாமி வீட்டுக் கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. எதிர்வீட்டுக் குழந்தைகளை யாரோ உள்ளே கூப்பிட்டார்கள்.

காசியம்மாள் வந்தாள். வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளி நின்றாள்.

“நெசமாம்மா?”

“நிஜம்தான் காசி.”

“ஆடிக்கு முன்னாடி ஒருவாட்டி துப்பட்டி போட்டியே. அதுல கறை இருந்துச்சி. நான் வேற இன்னாவோன்னு நெனச்சிகினேன்.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“என் பேத்தி அழுக்கு மூட்ட மேலதாம்மா தூங்குது. ஒண்ணரை வயசு. எப்பவும் மூட்ட மேலதான்.” அவள் குரல் உயரவில்லை. “ஒரு வார்த்த சொல்லியிருந்தா மூட்டையத் தனியா வச்சிருப்பேனே. தனி வெள்ளாவி போட்டிருப்பேனே. எங்களுக்கு வாயி இல்லன்னு நெனச்சியா, புத்தி இல்லன்னு நெனச்சியா?”

அம்மா அவள் காலில் விழப் போனாள். காசியம்மாள் பின்னால் நகர்ந்து, “தொடாதம்மா” என்றாள். முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அந்தக் கொல்லையில் சொன்னது எப்போதும் அம்மாதான்.

அந்தக் குழந்தையை நான் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து மார்பு எக்ஸ்ரே படம் எடுக்கச் செய்தேன். ஒன்றும் இல்லை. இரண்டாவது படம் வரும் வரை அம்மா ஒருவேளைதான் சாப்பிட்டாள்.

சாவித்ரியை அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மதுராந்தகத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். வாசலில் ஏதாவது வண்டி நின்றால் எழுந்து நின்றுவிடுவாள். தகரப் பெட்டி இறங்குகிறதா என்று பார்ப்பாள். வண்டி போன பிறகும் சற்று நேரம் நின்றுகொண்டே இருப்பாள்.

பதினோராம் நாள் என் பெயருக்குக் கடிதம் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வராந்தாவில் வைத்துப் படித்தேன். மாப்பிள்ளை எழுதியது, நான்கு வரி: ஊசி முடியும் வரை சாவித்ரி அங்கேயே இருக்கட்டும். என் அம்மாவும் பர்வதம் அத்தையும் ஒத்துக்கொள்ளவில்லை, நாளாகும். நான் சென்னைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் இல்லை.

“கடைசியை இன்னொரு தரம் படி” என்றாள்.

“எனக்கு ஒன்றும் இல்லை.”

“நன்னாப் பார்த்தாளாமா?”

“பார்த்திருப்பா.”

அதன் பிறகுதான் தூணில் சாய்ந்துகொண்டு அழுதாள். சாவித்ரியை அழைத்துக்கொள்வாரா என்று அன்று அவள் கேட்கவே இல்லை. அழைத்துக்கொண்டார், ஒன்றரை வருஷம் கழித்து. இப்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

அம்மாவுக்கு நோய் வந்தது ஐம்பத்தேழாம் வருஷம் புரட்டாசியில். உதறிய துப்பட்டியிலிருந்தா, இருமலிலிருந்தா, பதிமூன்று வயதில் பெரியம்மாவின் அறை வாசலிலிருந்தா என்று எந்தப் பரிசோதனைக்கூடத்தாலும் சொல்ல முடியாது. நான் என்ன நினைக்கிறேன் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

அன்று யாருக்கும் சொல்லாமல் தனியாகப் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்கு வந்தாள். பரிசோதனைக்கூடத்து மேஜையில் ஒரு சீசாவை வைத்தாள்.

“மூணு நாளா ரத்தம் வரது. பஸ்ஸுல ஜன்னலோரமா, தனியா உட்கார்ந்துண்டேன். பக்கத்துல ஒருத்தி உட்கார வந்தா, எனக்கு நோய், தள்ளிப் போன்னுட்டேன்” என்றாள். “பாருடா.”

வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சாயமேற்ற இருபது நிமிஷம். நான் அதற்கு முன் ஆயிரக்கணக்கில் தகடு பார்த்தவன். அன்று நுண்ணோக்கியின் கண்ணாடியை மூன்று முறை துடைத்தேன். பார்த்தேன். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே, கிருமி உண்டு என்று ஒரு கூட்டல் குறி போட்டேன். சாவித்ரிக்குக் கேட்ட மருந்து அம்மாவுக்குக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அதே இடத்தில் இரண்டு குறி, போன தையில் மூன்று.

முதல் குறியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

“சொல்லு” என்றாள்.

சொன்னேன்.